மகரமும் முதலையும்

வெள்ளியில் எழுதிய வரலாறு – 17

அகலம் இரண்டு சென்டிமீட்டர்கூடத் தேறாத வெள்ளிக்காசு. எடை மூன்று கிராம் சொச்சம். தலைப் பக்கத்தில் மீசை தாடி மழித்த ஓர் இளைஞன். கட்டையாக வெட்டிய முடியைச் சுற்றி அரசர்களுக்குரிய தலைப்பட்டி. முகத்துக்கு முன்னால் லத்தீன் எழுத்தில் ‘ரெக்ஸ் யூபா’, அதாவது அரசன் ஜூபா. காசைப் புரட்டினால் மொழி மாறிவிடுகிறது. பூப் பக்கத்தில் ஒரு முதலை, அதைச் சூழ்ந்து கிரேக்கத்தில் ‘பசிலிஸ்ஸா கிளியோபாத்ரா’. அரசி கிளியோபாத்ரா.

நமக்குத் தெரிந்த கிளியோபாத்ரா கி.மு. 30இல் அலெக்சாந்திரியாவில் இறந்துவிட்டாள். இந்தக் காசு அடிக்கப்பட்டதோ அதற்குப் பல ஆண்டுகள் கழித்து, எகிப்திலிருந்து நெடுந்தொலைவில், இன்றைய அல்ஜீரியாவின் கடற்கரையில். இதிலுள்ள கிளியோபாத்ரா அவள் மகள். ஜூபா அவள் கணவன். இருவருமே சிறு வயதில் ரோமாபுரியின் தெருக்களில் வெற்றிப் பொருள்களாகக் காட்டப்பட்டவர்கள். வளர்ந்தபின் அதே ரோம் அவர்களை ஒரு நாட்டுக்கு அரசனும் அரசியும் ஆக்கியது. வெள்ளியில் காசடிக்கவும் விட்டது.

சென்ற இதழில் கப்படோசியாவின் அரியோபர்சானெசைப் பார்த்தோம். தன் வெள்ளிக்காசிலேயே ‘ரோமை நேசிப்பவன்’ என்ற பட்டத்தைப் பொறித்துக்கொண்ட மனிதர். சார்பு அரசர்களின் காசுகளில் அது ஒரு வகை. நயம் எதுவும் இல்லாத நேரடியான விசுவாசம். மௌரிட்டானியாவின் காசுகள் அப்படிப்பட்டவை அல்ல. அவற்றில் விசுவாசம் உண்டு, தாராளமாகவே உண்டு. ஆனால் அதற்கு நடுவே வேறு சில குரல்களும் கேட்கின்றன. அந்தக் குரல்களில் துணிச்சலானது அரசனுடையது அல்ல, அரசியுடையது என்பது என் கணிப்பு.

முன்கூட்டியே ஒரு விளக்கம்: இங்கே மௌரிட்டானியா என்பது இன்று அப்பெயரில் உள்ள நாடு அல்ல. இன்றைய மொராக்கோவின் வடபகுதியும் அல்ஜீரியாவின் மேற்கும் நடுவும் சேர்ந்த பரப்பே பண்டைய மௌரிட்டானியா. அதற்குக் கிழக்கே நுமிடியா. கதை நுமிடியாவில் தொடங்குகிறது.

மகன் ஜூபாவைப் புரிந்துகொள்ள அப்பா ஜூபாவின் காசைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முதலாம் ஜூபா நுமிடியாவின் அரசர், பெரும்புகழ் பெற்ற மாசினிசாவின் வழிவந்தவர். சீசருக்கும் பாம்பேக்கும் மூண்ட உள்நாட்டுப் போரில் பாம்பேயின் பக்கம் நின்றார். அதற்கு அரசியல் காரணங்கள் உண்டு. சொந்தக் காரணமும் ஒன்று இருந்திருக்கலாம். இளைஞராக ரோமுக்கு வந்திருந்தபோது, ஒரு வழக்கில் எழுந்த வாக்குவாதத்தில் சீசர் பாய்ந்து அவருடைய தாடியைப் பிடித்து இழுத்தார் என்று சூட்டோனியஸ் எழுதியிருக்கிறார். அந்தத் தாடியை நாம் இன்றும் பார்க்கலாம். முதலாம் ஜூபாவின் வெள்ளிக்காசில் அவர் கூராக வளர்ந்த தாடியோடும், அடுக்கடுக்காகச் சுருட்டிவிட்ட தலைமுடியோடும், தோளில் செங்கோல் சாய்த்து, ரோமானியர் எவரும் வைத்துக்கொள்ளாத கோலத்தில் இருக்கிறார். தலைப் பக்க எழுத்து லத்தீன். பூப் பக்கத்தில் எட்டுத் தூண்கள் கொண்ட ஒரு கட்டடம். அதன் இருபுறமும் பியூனிக் எழுத்து, கார்த்தேஜின் மொழி. கார்த்தேஜ் அழிந்து நூறாண்டு ஆன பிறகும் வடஆப்பிரிக்காவில் அரச காரியங்களுக்கு அந்த மொழி பயன்பட்டுவந்தது.

காசின் எடை மட்டும் ரோமானியக் கணக்கு. ரோமின் தெனாரியஸ் என்ற வெள்ளிக்காசோடு கலந்து புழங்கத்தக்க அளவில்தான் அடித்திருக்கிறார்கள். பாம்பே கட்சியின் படைகளோடு சேர்ந்து போரிட்டவர். படைவீரனுக்குப் பழக்கமான காசில் கூலி கொடுத்தால்தான் வேலை நடக்கும். ஆனால் எடையில் ஒத்துப்போனவர் மரியாதையில் ஒத்துப்போகவில்லை. ஆப்பிரிக்காவில் பாம்பே கட்சிப் படைக்குத் தலைமை தாங்கிய சிப்பியோ ஊதா நிற மேலங்கி அணிவது வழக்கம். ஜூபா பாசறைக்கு வந்ததும், தான் அணியும் அதே உடையை இன்னொருவர் அணியக் கூடாது என்றார். சிப்பியோ வெள்ளைக்கு மாறினார். ரோமானியத் தளபதி ஒருவரை ஓர் ஆப்பிரிக்க அரசன் உடை மாற்ற வைத்தான் என்பதை அந்தப் போரைப் பற்றி எழுதிய சீசர் தரப்பு ஆசிரியர் எரிச்சலோடு பதிவு செய்திருக்கிறார். ஊதா மேலங்கி இந்தக் குடும்பத்தின் கதையில் மீண்டும் வரும்.

கி.மு. 46 ஏப்ரலில் தாப்சஸ் போர். சீசர் வென்றார். ஜூபா தப்பியோடித் தன் சொந்த நகரான சாமாவை அடைந்தார். தோற்றால் குடும்பத்தோடும் செல்வத்தோடும் எரிந்துபோக அங்கே பெரிய சிதை அடுக்கிவைத்திருந்தார். அதைக் கண்டு மிரண்ட ஊர்க்காரர்கள் கதவைத் திறக்கவில்லை. கடைசியில் ரோமானியத் தளபதி பெட்ரெயசும் அவரும் விருந்துண்டு, பின் ஒருவரோடொருவர் வாட்போரிட்டு உயிரை முடித்துக்கொண்டார்கள். யார் யாரைக் கொன்றார் என்பதில் பழைய நூல்கள் ஒத்துப்போவதில்லை. நுமிடியா ரோமின் மாகாணமானது. பிற்காலத்தில் வரலாற்றாசிரியராகப் பெயர் பெற்ற சல்லஸ்ட்தான் அதன் முதல் ஆளுநர்.

அந்த ஆண்டே ரோமில் சீசர் நான்கு வெற்றி ஊர்வலங்கள் நடத்தினார்: கால் நாடு, எகிப்து, பான்டஸ், ஆப்பிரிக்கா. எகிப்து ஊர்வலத்தில் கிளியோபாத்ராவின் தங்கை அர்சினோயி விலங்கோடு நடந்தாள். ஆப்பிரிக்க ஊர்வலத்தில் ஒரு கைக்குழந்தை. அதுதான் இரண்டாம் ஜூபா. புளூட்டார்க் இதைப் பற்றி எழுதும்போது, சிறைப்பட்டதே அந்தக் குழந்தைக்கு நல்வாய்ப்பாகிவிட்டது என்கிறார். நாகரிகமற்ற நுமிடியனாக வளர வேண்டியவன் கிரேக்க மொழியின் பேரறிஞர்களில் ஒருவனானான் என்பது அவர் வாதம். வென்றவர்களின் உலகில் சௌகரியமாக வாழ்ந்தவருக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை.

ஜூபா ரோமிலேயே, சீசர் குடும்பத்தின் நிழலில் வளர்ந்தான். லத்தீனும் கிரேக்கமும் கற்றான். சீசரின் வாரிசான ஆக்டேவியனோடு போர்க்களத்துக்கும் போனான். இதற்கிடையே ஆக்டேவியன் ஆன்டனியையும் கிளியோபாத்ராவையும் வீழ்த்தினார். கி.மு. 29இல் இன்னொரு வெற்றி ஊர்வலம். இறந்துபோன கிளியோபாத்ராவின் உருவம் ஒரு கட்டிலில் தூக்கிவரப்பட்டது. அதோடு அவளுடைய இரட்டைக் குழந்தைகள் நடந்தன. அலெக்சாண்டர் ஹீலியோஸ், கிளியோபாத்ரா செலினி. ஹீலியோஸ் என்றால் சூரியன், செலினி என்றால் நிலா. அப்போது அவர்களுக்கு வயது பதினொன்றோ என்னவோ. அதற்கு ஐந்தாண்டு முன்புதான், கி.மு. 34இல் அலெக்சாந்திரியாவில், ஆன்டனி இந்தப் பெண்ணுக்குச் சைரீன் நாட்டை எழுதிவைத்திருந்தார். ஆறு வயதில் அரசி, பதினொரு வயதில் காட்சிப்பொருள்.

ஆன்டனியின் ரோமானிய மனைவி, ஆக்டேவியனின் அக்காள் ஆக்டேவியா. தன்னைத் தள்ளிவைத்த கணவன் இன்னொருத்தியிடம் பெற்ற பிள்ளைகளைத் தன் வீட்டில் வைத்து வளர்த்தவர். இந்தத் தொடரில் வரும் ரோமானியர்களில் எனக்குத் தயக்கமில்லாத மரியாதை இவர்மேல்தான். பையனைப் பற்றிப் பிறகு பேச்சே இல்லை. செலினி மட்டும் வளர்ந்து, ஜூபாவுக்கு மணமுடித்து வைக்கப்பட்டாள்.

மௌரிட்டானியாவின் கடைசி அரசர் போக்கஸ் கி.மு. 33இல் வாரிசின்றி இறந்திருந்தார். நேரடியாக ஆள ரோமுக்கு விருப்பமில்லை. மலையும் பாலைவன விளிம்பும் நாடோடிக் குலங்களும் கொண்ட நாடு, செலவுதான் மிஞ்சும். கி.மு. 25இல், அதற்குள் அகஸ்டஸ் என்ற பட்டம் பெற்றிருந்த ஆக்டேவியன், அங்கே ஜூபாவை அரசனாக்கினார். இழந்த தந்தை நாடு கிடைக்கவில்லை. பக்கத்து நாடு கிடைத்தது. கடற்கரையில் இயோல் என்ற பழைய துறைமுகத்தைத் தலைநகராக்கி, சிசேரியா என்று பெயர் மாற்றினார் ஜூபா. இன்று அது செர்செல். அங்கேதான் அக்கசாலையும் இயங்கியது.

சார்பு அரசர் எல்லாரும் வெள்ளி அடித்துவிட முடியாது. அதே காலத்தில் யூதேயாவை ஆண்ட பெரிய ஏரோது, ஜெருசலேம் ஆலயத்தையே புதுப்பித்துக் கட்டியவர், செல்வத்தில் ஜூபாவுக்கு இளைத்தவரல்ல. அவர் பெயரில் உள்ளதெல்லாம் செம்புக் கலப்புக் காசுகள்தான். ஒரு வெள்ளி கிடையாது. திரேசின் ரோமெட்டல்சிஸ் காசின் ஒரு பக்கத்தை அகஸ்டசின் முகத்துக்கே கொடுத்துவிட்டார். ஜூபாவோ தெனாரியஸ் வகைக் காசை வெள்ளியில், தலைப் பக்கத்தில் தன் முகத்தோடு, ஏறக்குறைய நாற்பத்தெட்டு ஆண்டுகள் அடித்தார். இந்தச் சலுகையின் அளவைப் புரிந்துகொண்டால்தான் பூப் பக்கத்தில் அவர் எதையெதைப் போட்டார் என்பதன் கனம் தெரியும்.

நன்றிக்கடன் முதலில். அகஸ்டசுக்கு உரிய ராசி மகரம்; அதைத் தன் வெள்ளிக்காசுகளில் பொறித்தவர் அவர். ஆட்டுத் தலையும் மீன் வாலும் கொண்ட அந்த மகரம் ஜூபாவின் காசிலும் நீந்துகிறது. அகஸ்டசின் பெயர் தாங்கிய கோயில் ஒன்று வருகிறது. ‘அகஸ்டசின் புனிதத் தோப்பு’ என்ற எழுத்தோடு, இரு மரங்களுக்கு நடுவே ஒரு பலிபீடம் வருகிறது. உயிரோடு இருக்கும் ஒருவருக்குக் கோயிலும் தோப்பும் அமைத்து, அதைக் காசிலும் அடித்து ஊரெல்லாம் புழங்கவிடுவது சாதாரண மரியாதை அல்ல. ரோமில் உள்ளவர்களே அந்த அளவுக்குப் போகத் தயங்கிய நாட்கள் அவை.

பிறகு தன் குலப்பெருமை. சில காசுகளில் ஜூபா சிங்கத் தோலைத் தலையில் போர்த்தியிருக்கிறார், தோளருகே கதாயுதம். ஹெராக்கிளிசின் கோலம். தான் ஹெராக்கிளிசின் வழிவந்தவன் என்று ஜூபா நம்பினார், அல்லது நம்ப வைக்க விரும்பினார். தாஞ்சியர் பக்கத்தில் ஹெராக்கிளிசுக்கும் டிங்கா என்பவளுக்கும் பிறந்த சோஃபாக்சின் பரம்பரை என்பது கணக்கு. வரலாற்றாசிரியராக இருப்பதில் அரசனுக்கு உள்ள வசதி அது. தன் வம்சாவளியைத் தானே ஆராய்ந்து எழுதிக்கொள்ளலாம். யானை வருகிறது, சிங்கம் வருகிறது, யானைத் தலையின் தோலை மகுடமாகப் போட்ட ஆப்பிரிக்கா என்ற பெண் வருகிறாள். நிலத்தின் அடையாளங்கள் இவை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அப்பா காசில் இருந்த பியூனிக் எழுத்து மகனின் வெள்ளிக்காசில் இல்லை. தாடியும் இல்லை, சுருட்டிவிட்ட முடியும் இல்லை. அகஸ்டசின் காசிலுள்ள முகவெட்டும் முடிவெட்டும் அப்படியே இங்கே கடல் தாண்டி வந்திருக்கின்றன. பெயர் மட்டும் அதேதான்; ‘ரெக்ஸ் யூபா’ என்ற இரண்டே சொற்கள், தந்தை காசில் இருந்தபடியே. சீசரை எதிர்த்துச் செத்தவனின் பெயரை ஓரெழுத்துக்கூட மாற்றாமல் வைத்துக்கொண்டார் என்பதை எப்படி எடுத்துக்கொள்வது? எனக்கு இது அடக்கமான ஒரு பிடிவாதமாகவே படுகிறது.

இனி அரசியின் காசுகள். ஒரு பக்கம் ஜூபாவின் தலை இருக்க, மறுபக்கத்தைச் செலினி தன் உலகத்துக்கு எடுத்துக்கொண்டாள். பிறை நிலாவும் விண்மீனும். ஐசிஸ் தெய்வத்தின் கொம்பு வைத்த மகுடம். ஐசிஸ் வழிபாட்டில் குலுக்கி ஒலியெழுப்பும் சிஸ்ட்ரம் என்ற கருவி. அபூர்வமாகச் சில காசுகளில் அவள் முகமே. எல்லாவற்றிலும் கிரேக்க எழுத்து, ‘அரசி கிளியோபாத்ரா’. அரசனின் மனைவி என்று அல்ல.

ஐசிசின் மகுடமும் சிஸ்ட்ரமும் வெறும் பக்திச் சின்னங்கள் என்று சொல்லிவிட முடியாது. அவள் தாய் தன்னைப் புதிய ஐசிஸ் என்று அழைத்துக்கொண்டவள். அந்தக் கோலத்தில் பொதுமக்கள் முன் தோன்றியவள். ரோமானியர் அதைக் கேலியும் அச்சமுமாகப் பேசினார்கள். அந்தத் தாயின் பெயரையும் அந்தத் தாயின் தெய்வத்தையும் சேர்த்து வெள்ளியில் அடிப்பது, அகஸ்டஸ் உயிரோடிருக்கையில், அவர் தந்த அரியணையில் அமர்ந்துகொண்டு.

முதலை இன்னும் கூர்மையானது. எகிப்தை வென்றதும், கி.மு. 28 வாக்கில், ஆக்டேவியன் ஒரு வெள்ளிக்காசு வெளியிட்டார். அதன் பூப் பக்கத்தில் ஒரு முதலை; மேலும் கீழும் ‘எகிப்து கைப்பற்றப்பட்டது’ என்ற எழுத்து. தெற்கு பிரான்சின் நீம் நகரில் அடித்த செம்புக் காசிலோ முதலை பனைமரத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருக்கிறது. அந்த உருவம் இன்றைக்கும் நீம் நகரின் சின்னம். ஆக, ரோமானிய உலகில் காசைக் கையில் வாங்கிய எவருக்கும் முதலை என்றால் தோற்றுப்போன எகிப்து.

செலினி அதே விலங்கை எடுத்தாள். சங்கிலி இல்லை; கைப்பற்றப்பட்டது என்ற சொல் இருந்த இடத்தில் அரசி கிளியோபாத்ரா என்ற பெயர். தெரியாமல் நேர்ந்த ஒற்றுமை என்று நான் நம்பவில்லை. அம்மாவின் தோல்வியைக் கொண்டாடிய ஊர்வலத்தில் நடந்தவளுக்கு அந்த முதலைக்காசு தெரியாமல் இருந்திருக்காது. ரோமின் அங்காடித் தெருவில் புழங்கிய காசு அது. இதைக் கலகம் என்று சொன்னால் மிகை. கலகமாக யாரும் எடுத்துக்கொள்ளவும் இல்லை. அக்கசாலை மூடப்படவில்லை, அரசியை யாரும் கண்டிக்கவில்லை. ஒருவேளை அகஸ்டஸ் இதைப் பார்த்துப் புன்னகைத்திருக்கவும் கூடும். எகிப்து தன் கையில், அதன் இளவரசி தன் தயவில், இனி ஒரு முதலைப் படத்தால் என்ன ஆகிவிடும்? ஆனாலும் எகிப்தை ஆண்ட டாலமி வம்சத்தில் கடைசியாக ஆட்சிப் பட்டம் தாங்கிய பெண் தன் அன்னையை எந்த நூலும் எழுதாமல் நினைவுகூர்ந்த இடம் இந்தக் காசுதான்.

முதலைக்கு இன்னொரு விளக்கமும் உண்டு, அது கணவரின் நூலறிவிலிருந்து வருவது. நைல் நதி எங்கே பிறக்கிறது என்ற கேள்வி பண்டைய அறிஞர்களைப் படாதபாடு படுத்தியது. தன் நாட்டு மலையில், கடலுக்கு அருகே உள்ள ஏரியொன்றில்தான் நைல் பிறக்கிறது என்பது ஜூபாவின் முடிவு. அங்கிருந்து மணலுக்குள் மறைந்து ஓடி, எங்கெங்கோ தலைகாட்டி, எகிப்தைச் சேருகிறதாம். சான்று? அந்த ஏரியில் முதலை இருக்கிறதே! அப்படிப் பிடித்த முதலை ஒன்றைச் சிசேரியாவின் ஐசிஸ் கோயிலில் காணிக்கையாக வைத்தார். தன் காலத்திலும் அது அங்கே காட்டப்படுவதாகப் பிளினி எழுதியிருக்கிறார். புவியியலாகப் பார்த்தால் முழுத் தவறு. ஆனால் நைல் நம் வீட்டில் பிறக்கிறது என்று மனைவியிடம் சொல்லக்கூடிய கணவன் அமைந்தது செலினிக்குச் சிறு ஆறுதலாக இருந்திருக்கலாம்.

ஜூபா எழுதியவற்றில் முழுநூல் ஒன்றும் மிஞ்சவில்லை. பிளினியும் புளூட்டார்க்கும் மற்றவர்களும் எடுத்தாண்ட துணுக்குகளே உள்ளன. கானரித் தீவுகளுக்கு ஆளனுப்பி ஆராய்ந்ததும், அங்கிருந்து இரண்டு பெரிய நாய்கள் அவருக்குக் கொண்டுவரப்பட்டதும் பிளினி வழியாகவே தெரியும். அட்லஸ் மலையில் கண்ட பால் வடியும் கள்ளிச்செடிக்குத் தன் மருத்துவர் யூஃபோர்பசின் பெயரை வைத்தார். தாவரவியலில் நம் ஊர்க் கள்ளி வகைகளும் இன்று யூஃபோர்பியா என்ற அந்தப் பெயரின் கீழ்தான் வருகின்றன.

அரேபியாவைப் பற்றியும் ஒரு நூல் எழுதினார். அகஸ்டசின் பேரனும் தத்துப்பிள்ளையுமான கையஸ் சீசர் கிழக்கே படையெடுத்துச் செல்லவிருந்தபோது அவனுக்காக எழுதியது. இந்தக் கையசை நாம் வேறு வழியாக அறிவோம். கொங்கு நாட்டில் கிடைத்த ரோமானிய வெள்ளிக்காசுப் புதையல்களில் அகஸ்டஸ் காலத்துக் காசுகளில் பெருவாரியானவை ஒரே வகை: கேடயங்களுக்கும் ஈட்டிகளுக்கும் இடையே இரண்டு இளைஞர்கள் நிற்பது. அவர்களில் ஒருவன் கையஸ், மற்றவன் தம்பி லூசியஸ். ஜூபாவின் காசுகள் இந்தப் பக்கம் வரும் வகையைச் சேர்ந்தவை அல்ல. அவை பெரும்பாலும் தம் நாட்டுக்குள்ளேயே சுற்றின. இன்று கிடைக்கும் புதையல்களும் முக்கியமாக மொராக்கோவிலும் அல்ஜீரியாவிலும்தான்.

அதற்கு எடையும் ஒரு காரணம். ஒரு ரோமானியப் பவுண்டு வெள்ளியில் 84 தெனாரியஸ் என்பது அகஸ்டஸ் காலத்துக் கணக்கு, ஒன்றுக்கு 3.9 கிராம் வரும். ஜூபாவின் காசு அதற்குக் குறைவு. வடிவமும் பெயரும் தெனாரியஸ் போல, வெள்ளி மட்டும் கொஞ்சம் கம்மி. நாட்டுக்குள் அரசனின் சொல்லுக்கு மதிப்பிருக்கும் வரை அது செல்லும். எல்லை தாண்டினால் தராசுதான் பேசும். மகன் டாலமியின் காலத்தில் எடை மேலும் இறங்கிவிட்டது.

நாடு ஏழை அல்ல. மொகடோர் கடலோரத் தீவுகளில் ஊதாச் சாயப் பட்டறைகளை நிறுவியவர் ஜூபா. அட்லஸ் மலையில் விளைந்த ஒருவகை மரத்தின் வேர்முடிச்சில் கடைந்த மேசைகளுக்கு ரோமின் பணக்காரர்கள் பைத்தியமாக அலைந்தார்கள். சிசெரோ அப்படி ஒரு மேசைக்கு ஐந்து லட்சம் செஸ்டர்ஸ் கொடுத்தாராம். ஜூபா ஏலத்தில் விட்ட இரண்டு மேசைகளில் ஒன்று 12 லட்சத்துக்குப் போனது என்று பிளினி எழுதுகிறார். நான்கு செஸ்டர்ஸ் ஒரு தெனாரியஸ். ஒரே மேசைக்கு மூன்று லட்சம் வெள்ளிக்காசு!

ஜூபாவின் காசுகளில் வரலாற்றாசிரியர்களுக்குப் பெரும் உதவி செய்வது அவற்றிலுள்ள ஆண்டு. ஆட்சியாண்டைக் குறிக்கும் ஓர் எழுத்தும் பின்னால் ரோமானிய எண்ணும் பிற்காலக் காசுகள் பலவற்றில் உண்டு. கி.மு. 25 முதலாண்டு என்றால் 31ஆம் ஆண்டு கி.பி. 6. அந்த ஆண்டில்தான் கெட்டூலியக் குலங்கள் ஜூபாவுக்கு எதிராகக் கிளம்பின. ரோமுக்கு அடங்கிய அரசனுக்கு அடங்க அவர்களுக்கு மனமில்லை. கோசஸ் லென்டுலஸ் என்ற ரோமானியத் தளபதி வந்துதான் அடக்க முடிந்தது. அதை ஒட்டிய காசுகளில் வெற்றித் தேவதை சிறகு விரிக்கிறாள். யார் வெற்றி என்று காசு சொல்வதில்லை. கடைசியாகக் கிடைக்கும் ஆண்டு 48, அதாவது கி.பி. 23. ஜூபாவின் மறைவை நிர்ணயிப்பதில் இந்தக் காசுக்குப் பெரிய பங்கு உண்டு.

மகனுக்கு வைத்த பெயரிலும் அரசியின் கை தெரிகிறது. மாசினிசா, ஹியெம்ப்சால், ஜூபா என்று தந்தை வழியில் எத்தனையோ பெயர்கள் இருக்க, பிள்ளை டாலமி ஆனான். தந்தையின் கடைசி ஆண்டுகளிலேயே அவன் பெயரும் காசில் ஏறிவிட்டது. அவன் ஆட்சிக்கு வந்த வேளையில் டக்ஃபரினாஸ் என்பவன் தலைமையில் ஏழாண்டுகளாக ஒரு பெருங்கலகம் எரிந்துகொண்டிருந்தது. கி.பி. 24இல் டோலபெல்லா என்ற ஆளுநர் அதை முடித்தார், டாலமியின் படை துணைநின்றது. வேடிக்கை என்னவென்றால், டோலபெல்லா கேட்ட வெற்றி மரியாதைகளைப் பேரரசர் திபேரியஸ் மறுத்துவிட்டார். டாலமிக்கோ, வழக்கொழிந்துபோன பழைய சடங்கைத் தூசிதட்டி எடுத்து, யானைத்தந்தச் செங்கோலும் பூவேலை செய்த அங்கியும் ஒரு செனட்டர் கையில் கொடுத்தனுப்பி, ‘அரசன், கூட்டாளி, நண்பன்’ என்று விளிக்கச் செய்தது செனட்.

டாலமியின் வெள்ளியில் அதுவே பெரிய செய்தியானது. பதவி நாற்காலி, அதன்மேல் மாலை, குறுக்கே செங்கோல். ரோம் தந்த பரிசுகளின் படம். யானையும் சிங்கமும் தொடர்ந்தாலும், மூன்று தலைமுறைக் காசுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு சரிவு கண்ணுக்குப் புலப்படுகிறது. பாட்டன் தன் மொழியைப் பொறித்தார், தாய் தன் முதலையைப் பொறித்தாள், இவன் தனக்குக் கிடைத்த பரிசுச் சாமான்களைப் பொறித்தான். இதைக் கடுமையான தீர்ப்பு என்று சிலர் சொல்லலாம். ஆனால் காசு வேறு என்ன சொல்கிறது?

கி.பி. 37இல் கலிகுலா பேரரசனானான். அவன் டாலமிக்கு உறவு. இருவரும் ஆன்டனியின் ரத்தம். டாலமிக்கு ஆன்டனி தாய்வழிப் பாட்டன், கலிகுலாவுக்குக் கொள்ளுப்பாட்டன். கி.பி. 40 வாக்கில் டாலமி ரோமுக்கு அழைக்கப்பட்டான், மரியாதையோடுதான் வரவேற்கப்பட்டான். ஒருநாள் விளையாட்டுக் காட்சிக்கு அவன் உள்ளே வந்தபோது அவன் அணிந்திருந்த ஊதா மேலங்கியின் பளபளப்பு கூட்டத்தின் கண்களையெல்லாம் இழுத்தது. அதற்காகவே கலிகுலா அவனைக் கொல்லச் செய்தான் என்கிறார் சூட்டோனியஸ். உண்மைக் காரணம் மௌரிட்டானியாவின் செல்வமா, சதி பற்றிய சந்தேகமா என்று இன்றைய ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். பாட்டன் ஒரு ரோமானியத் தளபதியின் ஊதாவைக் கழற்ற வைத்தார். எண்பத்தைந்து ஆண்டுகள் கழித்துப் பேரனின் ஊதா அவன் உயிரை எடுத்தது. அந்தச் சாயம் அவன் தந்தை இரண்டாம் ஜூபா நிறுவிய பட்டறையில் தோய்த்ததாக இருந்தாலும் ஆச்சரியமில்லை.

டாலமியின் ஏவலாளாக இருந்து விடுதலை பெற்ற எடிமன் பழிவாங்க ஆயுதம் எடுத்தான். அட்லஸ் மலை தாண்டியும் ரோமானியப் படை போக வேண்டியிருந்தது. அடுத்த பேரரசர் கிளாடியஸ் நாட்டை இரண்டாகப் பிரித்தார்: மேற்கே டிங்கியின் (இன்றைய தாஞ்சியர்) பெயரால் ஒரு மாகாணம், கிழக்கே சிசேரியாவின் பெயரால் ஒன்று. அரசர் பெயரில் வெள்ளி அடிப்பது அத்தோடு நின்றது. சம்பளமும் வரியும் இனி ரோமின் தெனாரியசில்தான்.

அடுத்த இதழில் பெட்ராவுக்குப் போகிறோம். அங்கே நான்காம் அரேட்டாஸ் என்ற நபட்டேய அரசர் தன் வெள்ளிக்காசில் ‘தன் மக்களை நேசிப்பவன்’ என்று பொறித்துக்கொண்டார். அகஸ்டசுக்கு அது அவ்வளவாகப் பிடித்திருக்காது.

(தொடரும்)